வெயில் இருக்கும் வரை

கோத்தகிரியில் மெழுகு காய
இரண்டு மணி நேர வெயில் வேண்டும்.
அதை யாரும் எழுதித் தருவதில்லை.

செவ்வாய் எனக்கு வார விடுப்பு.
எக்ஸ்ரே அறையில் இன்று ஜோதிமணி இருப்பாள்.
முறிகிறவர்கள் இன்று அவளிடம் முறியட்டும்.

குன்னூர் புரோக்கரிடம் வாங்கிய மாருதி.
சிவப்பு என்பது ஆர்.சி. புத்தகத்தில்.
கண்ணுக்கு அது
மூன்றாம் தண்ணீரில் அலசிய பீட்ரூட்.

கேரட் கழுவும் மிஷினிலிருந்து
குழாயைக் கழற்றி வேலிக்கு மேல் நீட்டினார் பெள்ளியண்ணன்.
"மண்ணு போனாச் சரி. எல்லாம் ஒண்ணுதானே."
ஒன்றல்ல, அண்ணா.
இதற்கு இரண்டு வாளி.
ஒன்றில் நுரை, மற்றதில்
கையுறை கக்கும் மணல்.
மேலிருந்து கீழே, நேர்கோட்டில்.
வட்டமாகத் தேய்க்கிறவர்கள்
வட்டங்களை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிறகு களிக்கட்டி.
கழுவிய பானெட்டில் உள்ளங்கையை வைத்தால்
பூனை நாக்கு.
சில்வர் ஓக் பிசின், பிரேக் தூள், தேயிலை ஃபேக்டரிப் புகை,
முன்னால் போன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து
ஏதோ ஒரு வளைவில் யாரோ எடுத்த வாந்தி,
எல்லாம் ஊசிமுனைகளாய்க் களியில் ஏறி வந்தன.
கை வழுக்கத் தொடங்கியபோது மணி பத்தரை.

ரப்பர் ஓரமெல்லாம் டேப் ஒட்டி
பாலிஷரைக் கதவில் வைத்தேன்.
அரை நிமிடத்தில்
வெள்ளைப் பஞ்சு சிவந்தது.
கையை எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் பழக்கம்.
"வலிக்குதாம்மா அதுக்கு?" வேலிக்கு அந்தப் பக்கம்.
வலியெல்லாம் இல்லை.
வருவது மேலே செத்துக் கிடந்த சிவப்பு.
அடியில் இருக்கிறது, பாருங்கள்,
நேற்றுதான் பெயின்ட் அடித்த தபால்பெட்டி.

டிக்கிக்கு வந்தபோது கரண்ட் போனது.
கையாலேயே தேய்த்தேன்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்,
ஃபிலிமில் மயிரிழை முறிவைத் தேடும் அதே சாய்வில்.
ஒரு வளைவு தெரிந்தது.
அப்புறம் இரட்டைக் கொம்பு. ஒரு கால்.
இன்னும் கொஞ்சம் தேய்த்தால்
சலோமி.

ஸ்டிக்கரை எப்போதோ பிய்த்திருக்கிறார்கள்.
பசை இல்லை, கறை இல்லை.
பெட்ரோல் தொட்டுத் துடைத்தும் போகவில்லை.
போவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.
சுற்றிலும் பத்து வருஷம் வெயில் தின்றது.
அந்த மூன்றெழுத்தின் அடியில் மட்டும்
படவில்லை, அவ்வளவுதான்.

வெளுத்ததை இன்னும் இறக்கினால் இரண்டும் சமமாகும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மொத்த பெயின்ட்டும் ஒரு தலைமுடிக் கனம்,
அதில் பாதியை ஏற்கெனவே பஞ்சு குடித்துவிட்டது.
ஓரத்தில் ஒரு இடத்தில் ப்ரைமர் எட்டிப் பார்த்தது.
மூட்டு தேய்ந்து
எலும்பு எலும்பைத் தொடும் முன் எப்படித் தெரியும் என்று
எனக்குத் தெரியும்.
நிறுத்தினேன்.
நேராய் நின்று பார்த்தால் ஒன்றுமில்லை.
சாய்ந்த வெளிச்சத்தில் இருக்கிறாள்.

நான் மெழுகைப் பூசி முடிக்கவும்
கோடநாடு பக்கமிருந்து மேகம் இறங்கவும் சரியாக இருந்தது.
பழைய கரண்ட் பில் அட்டையால்
கதவு கதவாக விசிறினேன்.
அண்ணன் பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, அரவேனு. பின் டயரில் காற்றுக் குறைவு.
மாலை வெயில் டிக்கி மேல் படுத்திருந்தது.
குனிந்த ரஹ்மத்துல்லா பாய் நிமிராமலே கேட்டார்:
"சலோமி வண்டியில்ல இது? அருளப்பன் சார் எங்க?"
வித்துட்டாரு போல.
யாரு பாய், அந்தச் சலோமி?
வால்வு மூடியைத் திருகியபடி யோசித்தார்.
"எட்டு வருஷம் இதுக்குக் காத்து புடிச்சேன்.
கேட்டதில்ல."

பிறகு, நான் வாயைத் திறப்பதற்குள்,
தோளில் கிடந்த கிரீஸ் துண்டை உருவி
அவள் பெயர்மேல் அன்பாக
ஒரு துடை துடைத்தார்.
வட்டமாக.